அண்ட் வேண்டாம், பெருக்கல் குறி போடுங்கள்: மும்பைக் கடைக் கணக்குகளுக்கான எக்செல் பதில்கள்

ஃபார்முலாக்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தாராவி, தோல்பைக் கடைக் கணக்காளர்: அக்கா, ஏ பத்தியில் ஊர், பி-யில் பொருள், சி-யில் தொகை. புனேவுக்குப் போன கைப்பைகளின் தொகை மட்டும் வேண்டும். இஃப் உள்ளே அண்ட் போட்டுக் கூட்டினால் பூஜ்யம்தான் வருகிறது.

தம்பி, எல்லா நிபந்தனைகளும் சரியா என்று கேட்கும் அண்ட் ஒவ்வொரு வரிசையாகப் பார்ப்பதில்லை. எல்லா வரிசைகளையும் சேர்த்து ஒரே ஒரு விடை சொல்லும். ஒரு வரிசையில் ஊர் நாசிக் என்றிருந்தால் போதும், மொத்தமும் தவறு என்றாகிவிடும். வரிசை வரிசையாகப் பெருக்கி, மொத்தத்தைக் கூட்டித் தரும் சம்ப்ராடக்டை வைத்து இப்படி எழுதுங்கள்:

=சம்ப்ராடக்ட்((ஏ2:ஏ501="புனே")*(பி2:பி501="கைப்பை"),சி2:சி501)

சரி என்பது 1, தவறு என்பது 0. இரண்டும் சரியான வரிசையில் மட்டுமே பெருக்கல் 1 ஆகும். அந்தத் தொகை மட்டும் கூட்டலில் சேரும். சி-க்கு முன் பெருக்கல் குறி போடாமல் காற்புள்ளி வைத்திருப்பதைக் கவனியுங்கள். தொகைப் பத்தியில் யாராவது "பாக்கி" என்று எழுதி வைத்திருந்தாலும் பிழை வராது. மூன்று எல்லைகளும் (ஏ2:ஏ501 போன்றவை) ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் தேவைக்கு, 2007 முதல் எக்செலில் உள்ள, பல நிபந்தனைகளுக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸே போதும். ஆனால் தேதியிலிருந்து மாதத்தைப் பிரித்து, ஜூன் விற்பனை மட்டும் என்று கேட்டால் சம்இஃப்ஸ் அதை ஏற்காது. அடுத்த மாதம் முதலாளி அதைத்தான் கேட்பார், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா, புடவைக் கடை: பட்டு அல்லது 5,000 ரூபாய்க்கு மேல், இரண்டில் ஒன்று பொருந்தினாலும் போதும். கூட்டல் குறி போட்டேன், தொகை மிக அதிகமாக வருகிறது.

8,000 ரூபாய்ப் பட்டுப் புடவைக்கு இரண்டு நிபந்தனையும் பொருந்துகிறது. 1+1 என்பது 2. அதன் விலை இரட்டிப்பாகச் சேர்ந்துவிட்டது. கூட்டலை அடைப்புக்குள் வைத்து, பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று கேளுங்கள்:

=சம்ப்ராடக்ட்((((பி2:பி501="பட்டு")+(சி2:சி501>5000))>0)*சி2:சி501)

செம்பூர், சங்கப் பொருளாளர்: சம், இஃப் சேர்த்து எழுதிய ஃபார்முலா வீட்டில் சரியாக வருகிறது, சங்கத்தின் பழைய கணினியில் தவறாக வருகிறது.

எக்செல் 2019 வரை கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும் ஐயா. ஃபார்முலாவைச் சுற்றி நெளி அடைப்பு தானாக வரும், கையால் போடாதீர்கள்.

சயான், கல்லூரி மாணவி: கூகுள் ஷீட்ஸில், பொருந்தும் வரிசைகளை மட்டும் பட்டியலிடும் ஃபில்டருக்கு இரண்டு நிபந்தனைகளைக் காற்புள்ளியிட்டுக் கொடுத்தேன். எக்செலில் அதே ஃபார்முலா தவறான பட்டியல் தருகிறது.

எக்செல் ஃபில்டரில் மூன்றாவது இடம், எதுவும் கிடைக்காவிட்டால் என்ன காட்டுவது என்பதற்கானது. உங்கள் இரண்டாவது நிபந்தனை அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டையும் தனித்தனி அடைப்பில் வைத்துப் பெருக்குங்கள் அம்மா. அந்த வடிவம் இரண்டிலும் வேலை செய்யும்.