துடிக்கும் செனான் ஹெட்லைட்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் சில நிமிடங்கள் ஒழுங்காக எரிந்த பின் துடித்து அணைந்துவிடுகிறது. சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டால் மறுபடியும் எரிகிறது. பல்பை மாற்ற வேண்டுமா, பல்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பல்லாஸ்டை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். இடப்பக்க பல்பை வலப்பக்கத்திலும், வலப்பக்க பல்பை இடப்பக்கத்திலும் மாற்றிப் பொருத்தி இரண்டு மூன்று இரவுகள் ஓட்டிப் பாருங்கள். துடிப்பும் பல்போடு சேர்ந்து மறுபக்கம் போய்விட்டால் பல்புதான் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் பல்லாஸ்ட், வயர், கனெக்டர் ஆகியவற்றில் ஒன்று. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் விலை கூடிய பல்லாஸ்டை முதலில் வாங்கிவிட்டு, பிறகு பல்புதான் காரணம் என்று கண்டுகொண்டவர்கள் ஏராளம்.

நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் முதுமையடைந்த பல்பையே காட்டுகிறது. செனான் பல்பில் இழை கிடையாது. இரண்டு டங்ஸ்டன் முனைகளுக்கு இடையே தோன்றும் மின்வில்தான் ஒளி தருகிறது. நாளடைவில் முனைகள் தேய்ந்து இடைவெளி கூடுவதாலும், உள்ளிருக்கும் உலோக உப்புகள் குறைவதாலும், அந்த மின்வில்லை நிலைநிறுத்தத் தேவையான வோல்ட் ஏறிக்கொண்டே போகும். அது ஓர் எல்லையைத் தாண்டியதும் பல்லாஸ்ட் தன்னைக் காத்துக்கொள்ள விளக்கை அணைத்துவிடுகிறது. ஆறியதும் எரிவதும், சூடேறியதும் அணைவதும் இதனால்தான். கூடவே ஒளி இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தால் ஐயமே வேண்டாம்.

பல்பைத் தொடுவதற்கு முன் விளக்கை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். பற்றவைக்கும் கணத்தில் பல்புக்குப் போவது ஏறத்தாழ 20,000 வோல்ட் அல்லது அதற்கும் மேல். அது உயிரையே பறிக்கக்கூடியது. கண்ணாடிக் குமிழில் விரல் படவும் கூடாது.

கேள்வி: பல்புகளை இடம் மாற்றிப் பார்த்தேன். துடிப்பு பழைய பக்கத்திலேயே இருக்கிறது. அப்படியானால் பல்லாஸ்ட் தானே?

பதில்: இருக்கலாம், ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது ஈரம். ஹெட்லைட்டின் உட்புறம் பனிபடர்ந்தது போல் மங்கியிருந்தால், பின்மூடியின் ரப்பர் வளையம் கெட்டு நீர் புகுந்திருக்கும். பல பல்லாஸ்டுகள் ஹெட்லைட்டின் அடிப்புறத்தில் பொருத்தப்படுவதால் அந்த நீர் நேராக அவற்றின் கனெக்டரில்தான் போய்த் தேங்கும். பச்சை பூத்த பின்களைச் சுத்தம் செய்தாலே சில வேளைகளில் துடிப்பு நின்றுவிடும்.

இரண்டாவது எர்த், அதாவது மின்சாரம் காரின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. செனான் விளக்கு எரிந்து நிலைபெற்ற பின் 3 முதல் 4 ஆம்பியர் வரை இழுத்தாலும், பற்றும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கிறது; தளர்ந்த அல்லது துருப்பிடித்த எர்த் இணைப்பு அந்த இழுப்பைத் தாங்காது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் பல்லாஸ்டின் எர்த் வயருக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட் காட்டினாலே அந்த இணைப்பைச் சீர்செய்ய வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும் என்பதால், எரியும்போது அளப்பது முக்கியம். ஆனால் இந்த அளவீடு பல்லாஸ்டுக்குள் வரும் 12 வோல்ட் பக்கத்துக்கு மட்டுமே. பல்புக்குப் போகும் பக்கத்தில் மீட்டரை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தால், பல்லாஸ்டுகளையும் பல்புகளைப் போலவே பக்கம் மாற்றிப் பாருங்கள். ஒரு நுணுக்கம்: டி1எஸ், டி3எஸ் என்ற செனான் பல்பு வகைகளில் பற்றவைக்கும் இக்னைட்டர் பல்பின் அடிப்பாகத்திலேயே இருக்கிறது, எனவே பல்பை மாற்றும்போது அதுவும் சேர்ந்தே மாறிவிடும். டி2எஸ், டி4எஸ் வகைகளில் இக்னைட்டர் பல்புக்கு வெளியே இருப்பதால் அதையும் தனியாக ஐயப்பட வேண்டும்.

கேள்வி: எனக்கு இரண்டு விளக்குகளும் ஒரே நேரத்தில் துடிக்கின்றன.

பதில்: இரண்டு பல்புகளும் ஒரே நொடியில் கெட்டுப்போவது அரிது. பொதுவான மின்வழியைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். அது குறைந்தோ, ஏறி இறங்கியோ காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலோ அதன் ரெகுலேட்டரிலோ கோளாறு. பேட்டரி முனைக் கவ்விகள் தளர்ந்திருந்தாலும் இதே விளைவுதான்.

கேள்வி: ஹாலஜன் ஹெட்லைட் உள்ள காரில் செனான் கிட் மாட்டினேன். முதல் நாளிலிருந்தே துடிக்கிறது. டேஷ்போர்டில் பல்பு எச்சரிக்கையும் வருகிறது.

பதில்: இங்கே எதுவும் பழுதாகவில்லை, காரும் கிட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பல கார்கள் ஹாலஜன் பல்புக்குத் தொடர்ச்சியான மின்சாரம் தருவதில்லை. நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுத் தருகின்றன, பல்பு உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே சோதிக்கவும் செய்கின்றன. சூடான இழைக்கு அந்த இடைவெளி தெரியாது. பல்லாஸ்டோ ஒவ்வொரு இடைவெளியிலும் தடுமாறுகிறது. பேட்டரியிலிருந்து நேராக ரிலே வழியே மின்சாரம் கொடுத்தால் துடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.

இருந்தாலும் அந்த கிட்டைக் கழற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. ஹாலஜன் இழையின் இடத்தையும் வடிவத்தையும் வைத்துக் கணக்கிட்ட பிரதிபலிப்பானில் மின்வில்லை வைத்தால், ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஹாலஜன் எச்7 பல்பு சுமார் 1,500 லூமனும், டி2எஸ் சுமார் 3,200 லூமனும் தருகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலையிலேயே செனான் பொருத்திய கார்களில் தானாக உயரம் சீராக்கும் அமைப்பு இருப்பது வீணாக அல்ல.

கேள்வி: விளக்கைப் போட்டதும் சில நொடிகள் நிறம் மாறி, லேசாக நடுங்கிப் பிறகு நிலைபெறுகிறது. இது கோளாறா?

பதில்: இல்லை. முதலில் செனான் வாயு மட்டும் ஒளிர்கிறது. உப்புகள் ஆவியாகிச் சேர்ந்த பிறகே முழு ஒளி வரும். அரை நிமிடம் கடந்தும் நடுங்கினால் மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: மேடுபள்ளத்தில் மட்டும் வெளிச்சம் குதிக்கிறது.

பதில்: ஒளி மங்கி மங்கித் துடிக்கிறதா, அல்லது ஒளிக்கற்றை அப்படியே மேலும் கீழும் நகர்கிறதா என்று ஒரு சுவரின் முன் நிறுத்தி, வேறொருவரைக் காரை அசைக்கச் சொல்லிப் பாருங்கள். நகர்ந்தால் பல்பின் கவ்வியோ, உயரம் சீராக்கும் அமைப்பின் சென்சாரோதான் காரணம்.

கேள்வி: டி2எஸ் இருந்த இடத்தில் டி4எஸ் வாங்கி மாட்டியபின் துடிக்கிறது. இரண்டும் 35 வாட் தானே?

பதில்: வாட் ஒன்றுதான், வோல்ட் வேறு. டி2எஸ் ஏறத்தாழ 85 வோல்ட்டில் எரிகிறது. பாதரசம் இல்லாத டி4எஸ் ஏறத்தாழ 42 வோல்ட்டில். அந்தந்த பல்லாஸ்ட் அந்தந்த வோல்ட்டுக்கே அமைந்தது. அடிப்பாகத்தின் பள்ளங்கள் மாறியிருப்பதும் தவறிப் பொருத்தாமலிருக்கத்தான். டி2எஸ்ஸையே வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: கெட்டுப்போன ஒரு பல்பை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: எரியும், ஆனால் இரண்டு பக்கமும் நிறமும் பிரகாசமும் ஒத்திருக்காது; மற்றொன்றும் அதே வயதுடையது என்பதால் விரைவில் அதுவும் துடிக்கத் தொடங்கலாம். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, இன்னும் எரியும் பழைய பல்பைச் சோதனைக்கென்று பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டது டி1எஸ் அல்லது டி2எஸ் என்றால் அதில் பாதரசம் உண்டு. உடைக்காமல், அபாயக் கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.