வீட்டுக் கடன் தவணை 5,300 ரூபாய் ஏறியது சரியா?

கேள்வி: 2021 டிசம்பரில் ஒரு வங்கியில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினேன். 20 வருடக் கெடு, ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இணைந்த மாறும் வட்டி 7 சதவீதம், மாதத் தவணை 23,259 ரூபாய். வட்டி ஏறியபோதெல்லாம் தவணையை மாற்றாமலே விட்டிருந்தார்கள். 2023 ஏப்ரலில், வட்டி 9.75 சதவீதம், இனித் தவணை 28,580 ரூபாய் என்று கடிதம் வந்தது. அதுவரை 15 தவணைகளில் 3,48,885 ரூபாய் கட்டியும் அசல் 52,000 ரூபாய்தான் குறைந்திருக்கிறது. இரண்டே முக்கால் சதவீதம் ஏறியதற்குத் தவணை 5,300 ரூபாய் ஏறுமா? கணக்கைச் சரிபார்த்துப் பணத்தைத் திரும்ப வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் செய்யப்போகிற வேலையை நீங்களே ஒரு மாலையில் செய்துவிடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் அதிர்ச்சியைப் பார்ப்போம். 7 சதவீதம் 9.75 ஆவது சின்ன ஏற்றம் போலத் தெரிகிறது. ஆனால் நூறு ரூபாய்க்கு 7 ரூபாய் வட்டி கட்டியவர் அதன் பிறகு 9.75 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 39 சதவீதம் கூடிவிட்டது. நீண்ட காலக் கடனில் ஆரம்ப வருடங்களின் தவணை பெரும்பாலும் வட்டிதான் என்பதால் அடி நேராகத் தவணை மேல் விழுகிறது. அசல் 52,000 ரூபாய்தான் குறைந்தது என்பதிலும் தப்பு இல்லை. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன், அந்தக் காலத்துக்குக் கணக்கு சரியாகவே வருகிறது.

அப்படியானால் வங்கி சொல்வது முழுக்கச் சரியா? இல்லை. பெருக்கல், வகுத்தலில் வங்கியின் கணினி பெரும்பாலும் தவறாது. அதற்குள் என்ன வட்டி விகிதத்தைப் போட்டார்கள் என்பதில்தான் வம்பு. 2021 டிசம்பரில் ரெப்போ 4 சதவீதம். உங்கள் வட்டி 7. நடுவில் உள்ள 3 சதவீதம்தான் ஸ்ப்ரெட், அதாவது ரெப்போவுக்கு மேல் வங்கி தனக்காக வைத்துக்கொள்ளும் பங்கு. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ஆறு முறை ஏற்றியதில் ரெப்போ 6.5 ஆனது. அதோடு உங்கள் 3 சதவீதத்தைச் சேர்த்தால் 9.5. உங்களுக்குப் போட்டதோ 9.75. அந்தக் கால் சதவீதம் எங்கிருந்து வந்தது?

கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். மீதி இருந்த 225 மாதங்களுக்கு 9.5 சதவீதத்தில் தவணை சுமார் 28,105 ரூபாய் வரும். உங்களுக்குப் போட்டது 28,580. மாதம் 475 ரூபாய் வித்தியாசம். கெடு முடியும்வரை இப்படியே போனால் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

வங்கிகளின் ரெப்போ கடனுக்கு 2019 அக்டோபரிலிருந்து இருக்கும் விதி இது: கடன் வாங்கியவரின் கடன் தகுதி பெரிதாக மாறினால் ஒழிய ஸ்ப்ரெட்டில் உள்ள இடர்ப் பங்கை, அதாவது கடன் திரும்பி வராமல் போகலாம் என்பதற்காக வைக்கும் பகுதியை, தொடக் கூடாது. நடைமுறைச் செலவு போன்ற மற்ற பகுதிகளை மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாம். உங்கள் கடனுக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. ஆகவே நீங்களே யோசித்துப் பாருங்கள். நடுவில் ஏதாவது தவணை பவுன்ஸ் ஆனதா? சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றினீர்களா? சம்பளக் கணக்கு வைத்திருந்தால் கால் சதவீதம் சலுகை என்று சில வங்கிகள் அனுமதிக் கடிதத்தில் போட்டிருப்பார்கள். கணக்கு போனால் சலுகையும் போய்விடும். இரண்டும் இல்லை என்றால் உங்கள் புகார் வலுவானது.

வட்டியைச் சரிபார்க்க ஒரு எளிய வழி: பாக்கி அசலை வட்டி விகிதத்தால் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி வரும். 29,48,000 ரூபாய்க்கு 9.5 சதவீதம் என்றால் 23,338 ரூபாய். இது உங்கள் பழைய தவணை 23,259-ஐ விடவே அதிகம்! அதே தவணையைத் தொடர்ந்திருந்தால் கடன் மாதாமாதம் வளர்ந்துகொண்டே போயிருக்கும். தவணையை ஏற்றியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை வட்டி ஏறியபோதும் உங்களிடம் சொல்லியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கட்டியிருப்பீர்கள். வட்டி ஏற ஆரம்பித்ததிலிருந்து சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் 5,300 ரூபாயைத் தூக்கி வைத்தது அநியாயம்.

இந்தக் குறைக்காகத்தான் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-ல் ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, கெடுவை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று வங்கி உங்களைக் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி பிடித்தோம், எத்தனை தவணை பாக்கி என்று அறிக்கை தர வேண்டும். பழைய கடன்களுக்கும் இது பொருந்தும். ஆனாலும் 'உங்கள் தவணை மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு குறுஞ்செய்தியோடு முடித்துக்கொள்ளும் கிளைகள் இன்னும் இருக்கின்றன. ரெப்போ இவ்வளவு, ஸ்ப்ரெட் இவ்வளவு என்று அதில் ஒரு வரி சேர்த்தால் பாதிப் புகார் வராது. அந்த ஒரு வரியைச் சேர்க்க என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, இப்போது வேலை. கிளைக்குப் போய் வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள், 'சிஸ்டம் போடுது சார்' என்பார்கள். ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: முதல் நாளிலிருந்து கணக்கு அறிக்கை வேண்டும், ஒவ்வொரு தேதியிலும் ரெப்போ எவ்வளவு, ஸ்ப்ரெட் எவ்வளவு என்று வேண்டும், ஸ்ப்ரெட் 3-லிருந்து 3.25 ஆனதற்குக் காரணம் வேண்டும். நகலில் சீல் போட்டு வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலும், பதில் திருப்தி இல்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. காசு கிடையாது. வக்கீல் மூலம் புகார் கொடுக்க அந்தக் குறைதீர்ப்புத் திட்டமே இடம் தரவில்லை. அப்புறம் இடையில் ஒருவர் எதற்கு 15,000 கேட்கிறார்? புகாரில் 'வட்டி அதிகம், கட்ட முடியவில்லை' என்று எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். ஸ்ப்ரெட் விதியை மீறியதாக எழுதுங்கள்.

அந்த நபர் அடுத்து, கடனை வேறு வங்கிக்கு மாற்றித் தருகிறேன் என்பார். அங்கேதான் அவருக்குக் கமிஷன். உங்களுக்கோ பிராசஸிங் கட்டணம், லீகல் ஒப்பீனியன், மதிப்பீடு, மறுபடியும் எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைக்கும் ஆவணம்) பதிவு என்று செலவு வரிசையாக வரும். கூடவே ஒரு காப்பீட்டையும் தலையில் கட்டுவார்கள். கெடுவும் திரும்ப 20 வருடத்தில் ஆரம்பிக்கும், தவணை குறைந்தது போலத் தெரியும். நெட்பேங்கிங் கடவுச்சொல், ஓடிபி கேட்டால் அந்த நிமிடமே வெளியே அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கடன் கொடுத்தது உண்மையிலேயே வங்கிதானா? பெயரில் வங்கியின் பெயர் இருக்கும், பின்னால் 'ஹவுசிங் ஃபைனான்ஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்படியென்றால் அது வீட்டு நிதி நிறுவனம், சட்டப்படி வேறு ஆள். ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தே ஆக வேண்டும் என்ற 2019 விதி அவர்களைக் கட்டாது. பெரும்பாலும் பிஎல்ஆர் என்று தாங்களே ஒரு விகிதம் வைத்து, அதை அவர்களே ஏற்றுவார்கள். புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டி கொடுத்துவிட்டு, பழைய ஆளான உங்களிடம் அந்த வட்டிக்கு மாற ஒரு கட்டணமும் கேட்பார்கள். குறைதீர்ப்பாளரிடம் போனாலும் எடுக்க மாட்டார்கள். அங்கே புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். ஆகஸ்ட் 2023 சுற்றறிக்கை மட்டும் இவர்களுக்கும் உண்டு. ஆகவே அனுமதிக் கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயரை முழுதாகப் படித்துவிட்டுப் புகாரை எழுதுங்கள்.

புகார் நடக்கும்போது தவணையை நிறுத்தவோ பழைய தொகையை மட்டும் கட்டவோ வேண்டாம். ஒரு பவுன்ஸ் விழுந்தால் சிபில் கெடும், ஸ்ப்ரெட்டை ஏற்ற வங்கிக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வங்கி கேட்கும் தவணையை முழுதாகக் கட்டுங்கள். கூடுதலாகப் பிடித்த வட்டியை 2023 ஏப்ரல் தேதியிலிருந்தே அசலில் கழித்து, புதிய அட்டவணை தரச் சொல்லுங்கள்.