வாசகர் கேள்வி பதில்: பைப்புழு ஆய்வுக்கு எந்த முறை?

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் ஊலாட் புங்குஸ் என்று சொல்லப்படும், தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொண்டு வாழும் அந்துப்பூச்சியின் புழுவான பைப்புழுவை என் முதுகலை ஆய்வுக்கு எடுத்துள்ளேன். பல ஆண்டுகள் பூச்சிமருந்து அடித்த தோட்டத்துப் புழுக்களும் மருந்தே படாத சிறுதோட்டத்துப் புழுக்களும் மரபணு வெளிப்பாட்டில் (எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதில்) வேறுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். முழு ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தல் (மரபணு இயங்கும்போது உருவாகும் ஆர்.என்.ஏ. நகல்களை முழுதும் படிப்பது) என்றால் தோட்டத்துக்கு மூன்று புழுக்களுக்கு மேல் பணம் போதாது. மலிவான டேக்-செக் முறை தரம் குறைந்ததா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தரம் குறைந்ததன்று. முழு முறையில் ஒவ்வோர் ஆர்.என்.ஏ. இழையும் பல துண்டுகளாக்கிப் படிக்கப்படுவதால், ஒரு மாதிரிக்கு 20 முதல் 30 மில்லியன் வாசிப்புகள் (கருவி படித்துத் தரும் துண்டுகள்) வழக்கமாகக் கேட்கப்படுகின்றன. டேக்-செக்கில் இழையின் பாலி-ஏ வாலை (கடைசியில் தொடர்ந்து வரும் ‘ஏ’ எழுத்துகளை) ஒட்டிய முனை மட்டும் படிக்கப்படுகிறது. எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று எண்ண 3 முதல் 5 மில்லியன் வாசிப்புகளே போதும். 2011இல் பவள லார்வாக்களில் கையாளப்பட்ட இந்த முறையை, 2016இல் லோமன், வெபர், போல்னிக் ஆகியோர் அளவு தெரிந்த செயற்கை ஆர்.என்.ஏ.வைக் கலந்து சோதித்து, வழக்கமான முறையைவிடச் செலவு குறைவு, துல்லியம் குறையவில்லை என்று காட்டினார்கள்.

மிச்சமாகும் பணத்தைப் புழுக்களின் எண்ணிக்கையில் போடுங்கள். ஈஸ்டில் ஒப்பிட்ட இரு வகைக்கும் தலா 48 மாதிரிகள் வைத்து 2016இல் வெளிவந்த ஆய்வில், மூன்று மாதிரிகளை மட்டும் கொண்டு பார்த்தபோது, உண்மையில் வேறுபட்ட மரபணுக்களில் 20 முதல் 40 விழுக்காடுதான் அகப்பட்டது. குறைந்தது ஆறு மாதிரிகள் வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் பரிந்துரை. ஆய்வகத்தில் ஒரே வகையாக வளர்த்த ஈஸ்டுக்கே இப்படியென்றால், ஓலைக்கு ஓலை வேறுபடும் காட்டுப்புழுவுக்கு ஆறும் போதாது என்பது என் கருத்து. மூன்று புழுக்களை வைத்து முழு முறைக்குப் போக வேண்டாம்.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மருந்தைச் சிதைக்கும் பி450 நொதிகளின் மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றனவா என்பது கேள்வியென்றால் டேக்-செக் பதில் சொல்லும். ஆர்கனோபாஸ்பேட் மருந்து தாக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியின் மரபணுவிலேயே மாற்றம் நேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வியென்றால், முனையை மட்டும் படிக்கும் முறையில் அது பெரும்பாலும் கண்ணில் படாது. ஒரே மரபணுவிலிருந்து வெவ்வேறு வடிவங்களில் ஆர்.என்.ஏ. உருவாவதையும் அது காட்டாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த முனைப் பகுதி பரிணாமத்தில் விரைந்து மாறக்கூடியது. ஆகவே வேறோர் அந்துப்பூச்சியின் மரபணுத்தொகுதியோடு பொருத்திப் பார்த்தால் பெரும்பாலான வாசிப்புகள் எங்கும் ஒட்டாமல் வீணாகும். நல்ல நிலையிலுள்ள ஓரிரு புழுக்களை மட்டும் முழு முறையிலோ, இழையை முனை முதல் முனை வரை படிக்கும் ஐசோ-செக்கிலோ கொடுத்து, அதே இனத்தின் மரபணுப் பட்டியலொன்றை முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள். மற்றவற்றை டேக்-செக்கில் எண்ணலாம்.

புழுக்களை ஒரே வளர்ச்சிப் பருவத்தில், நாளின் ஒரே நேரத்தில் பிடிப்பது அவசியம். தோலுரிக்கும் புழுவின் மரபணு இயக்கம் மருந்தின் விளைவையே மறைத்துவிடும். பையைக் கத்தரித்து, புழுவின் உடலையும் கீறியே, ஆர்.என்.ஏ. சிதையாமல் காக்கும் ஆர்.என்.ஏ.லேட்டர் கரைசலில் போட வேண்டும். பையோடு போட்டால் கரைசல் உள்ளே இறங்குவதற்குள் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்ட ஆய்வகம் தரும் ஆர்.ஐ.என். மதிப்பெண் தாழ்ந்திருந்தால் உடனே மாதிரியை எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலான பூச்சிகளில், ரைபோசோமின் பெரிய ஆர்.என்.ஏ.வான 28எஸ் சூடுபட்டதும் இரண்டாகப் பிரிந்து, சிறியதான 18எஸ் இருக்கும் இடத்திலேயே வந்து விழும். நல்ல மாதிரிக்கும் அதனால் மதிப்பெண் குறையும். மதிப்பெண்ணோடு வரும் ஆர்.என்.ஏ. அளவுகளின் வரைபடத்தை நேரே பாருங்கள். இரு தோட்டத்துப் புழுக்களையும் தனித்தனி நாளில் பதப்படுத்தவும் வேண்டாம். பிறகு தோட்டத்தின் வேறுபாடு எது, நாளின் வேறுபாடு எது என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

கேள்வி: வெளிப்பாட்டில் வேறுபாடு தெரிந்தால், மருந்தால் புழு பரிணமித்துவிட்டது என்று எழுதலாமா?
– ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: எழுதக்கூடாது. அண்மையில் மருந்து பட்டதாலேயே மரபணுக்கள் அப்படி இயங்கியிருக்கலாம். இரு தோட்டத்துப் புழுக்களையும் மருந்தில்லாத ஒரே வகை ஓலையில் ஒரு தலைமுறையேனும் வளர்த்து, பிறந்த குஞ்சுகளில் அளந்த பின்னும் வேறுபாடு நிலைத்தால் அது மரபுவழி வந்தது என்று வாதிட இடமுண்டு. பெண் பூச்சிக்குச் சிறகில்லை; பையை விட்டு வெளியேறாமலே முட்டையிடுகிறது. ஆகவே தோட்டங்களுக்கிடையே மருந்தோடு தொடர்பில்லாத வேறுபாடுகளும் சேர்ந்திருக்கும் என்பதால், மருந்து அடித்த தோட்டம் ஒன்று, அடிக்காதது ஒன்று என்று நிறுத்தாமல், இரு வகையிலும் சில தோட்டங்களையேனும் சேர்த்துக்கொள்ளுங்கள்.