கணவாய்ச் சட்டியின் வெளிச்சம்

வணக்கம். நான் தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. கல்லூரியில் 'விப்ரியோ ஃபிஷெரி' என்று படித்த ஒளிரும் பாக்டீரியா இப்போது 'அலிவிப்ரியோ ஃபிஷெரி' ஆகிவிட்டதாம். விஞ்ஞானிகள் ஏன் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? மாணவர்களிடம் எதைச் சொல்வது? விப்ரியோவுக்கு 'அதிரி' என்று ஒரு தமிழ்ச்சொல் யோசித்திருக்கிறேன். சரியா?
எம்.

அன்புள்ள எம்.,

'அதிரி' நல்ல சொல். 'அதிர்தல்' என்ற லத்தீன் மூலத்துக்கும் பொருந்துகிறது. வைத்துக்கொள்ளுங்கள். கலைச்சொல் அனுப்பிய கடிதங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் ஒருவர்கூட அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கடலோரத்தில் குடியிருந்துகொண்டு!

பெயரை மாற்றுவது கிறுக்குத்தனம் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் இயற்கையாளர் முல்லர் 'விப்ரியோ' என்று ஓர் இனக் கூடை பின்னியபோது அதில் காடியில் நெளியும் புழுவும் கிடந்தது. பிறகு கூடை சுருங்கியது: வளைந்த உடல், முனையில் நீந்த உதவும் சாட்டை போன்ற கசையிழை, சோடியம் இல்லாமல் வளராத குணம், ஒன்றுக்கு இரண்டாகக் குரோமோசோம்கள். 2007இல் மரபணுக்களை ஒப்பிட்டு ஃபிஷெரி உட்பட நான்கு சிற்றினங்களைத் தனிப் பேரினமாக்கினார்கள். அலிவிப்ரியோ என்றால் 'வேறு விப்ரியோ'. தம்பி தனிக்குடித்தனம் போனான், குடும்பப் பெயரை விடவில்லை. காலராக் கிருமி பழைய வீட்டிலேயே தலைமகனாக இருக்கிறது. மாணவர்களிடம் இரண்டு பெயரையும் சொல்லுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அத்தையின் அடுக்களையை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டு வயது. மார்கழி, மழை, மின்சாரம் இல்லை. மறுநாள் குழம்புக்கு என்று அத்தை கணவாயை உப்புத் தண்ணீரில் போட்டு மண்சட்டியில் வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனவன் சட்டிக்குள் நீலப்பச்சை வெளிச்சத்தைப் பார்த்தேன். மினுக்கவில்லை, அசையவில்லை, சும்மா இருந்தது. கொள்ளிவாய்ப் பிசாசு என்று கத்தினேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பேசாமல் கொண்டுபோய்த் தென்னையடியில் கொட்டு" என்றாள். கொட்டும்போது காலில் தெறித்த துளிகளும் ஒளிர்ந்தன. காலைக் கழுவாமல் படுத்தேன். அந்தக் கணவாய் நாறவே இல்லை என்பது இப்போதும் நினைவிருக்கிறது. அது சரிதான், அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் பெருகினால் இந்த வெளிச்சம் அணைந்துவிடும்.

1660களில் விஞ்ஞானி ராபர்ட் பாயில் ஒளிரும் மீனைக் கண்ணாடிக் குடுவையில் வைத்துக் காற்றை உறிஞ்சினார். ஒளி மங்கியது. காற்றை விட்டதும் திரும்பியது. பாக்டீரியா என்ற சொல்லே இல்லாத காலம். ஆக்ஸிஜன் இல்லாமல் ஒளியை உண்டாக்கும் லூசிஃபரேஸ் நொதி வேலை செய்யாது என்பதை அவர் பெயர் தெரியாமலே பார்த்துவிட்டார்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் 'ஒளிரும் பாக்டீரியா' என்ற சொல்தான். தனியாக விட்டால் அது ஒளிராது, அம்மா! 1970இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் நீல்சனும் ஹேஸ்டிங்ஸும் இதைக் காட்டினார்கள். புதிய வளர்ப்பு நீரில் செல்கள் பெருகிக்கொண்டே இருந்தன, ஒளி கூடவில்லை. கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு செல்லும் ஒரு பொருளை நீரில் கசியவிடுகிறது. அது போதிய அளவு சேர்ந்த பிறகுதான் விளக்கேற்றும் மரபணுக்கள் திறக்கின்றன. கோரம், அதாவது குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, இல்லாமல் கூட்டம் தொடங்காது. பரந்த கடலில் தனியாக மிதக்கும் ஃபிஷெரி இருட்டில்தான் இருக்கிறது. ஹவாயின் குட்டிக் கணவாய்க்குள் அது கோடிக்கணக்கில் நெருக்கியடித்து வாழ்கிறது. நிலவொளியில் தன் நிழல் கீழே விழாமல் மறைக்க அந்த வெளிச்சத்தைக் கணவாய் பயன்படுத்துகிறது. விடிந்ததும் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சம் மாலைக்குள் பெருகி மறுபடி கோரம் சேர்க்கிறது. இதைப் பாடத்தில் சொல்லாமல் 'கிராம் எதிர், கோல் வடிவம்' என்று மனப்பாடம் செய்யவைத்தால் பிள்ளைகள் வேறு என்ன கேட்பார்கள், பெயரைத்தான் கேட்பார்கள்.

டிசம்பரில், குளிர்ந்த நாளாகப் பார்த்து, துறைமுகத்தில் புதுக் கணவாய் வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். லிட்டருக்கு 30 கிராம் உப்புக் கரைத்த நீரில் பாதி மூழ்கவைத்து, ஓர் இரவும் பகலும் விடுங்கள். ஜன்னலை அடைத்து, பிள்ளைகளைப் பத்து நிமிடம் இருட்டில் உட்காரவைத்துப் பிறகு காட்டுங்கள். முதல் தடவை ஒன்றும் தெரியாமல் போகலாம், இன்னொரு கணவாய் வாங்குங்கள். குழம்புக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள்.