வாசகர் கேள்வி–பதில்: கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் கரையில் எங்கே செல்வது?

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களில் முதன்முறையாகப் பயணம் செய்யவிருக்கும் வாசகர்கள் பலர், கரைச் சுற்றுலாவை எப்படித் திட்டமிடுவது, யாரிடம் முன்பதிவு செய்வது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் கப்பலில் கேபின் எடுத்திருக்கிறோம். பினாங்கில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 9 மணி வரையும், புக்கெட்டில் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரையும் கப்பல் நிற்கும் என்று அட்டவணை சொல்கிறது. கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாக்களின் கட்டணம், வெளியில் விசாரித்ததைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் முன்பதிவு செய்துவிட வேண்டுமா, இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரே முடிவை எடுக்காதீர்கள். சுற்றுலாப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பாகவே, கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, கடலில் நங்கூரமிடுமா, அங்கிருந்து நீங்கள் பார்க்க விரும்பும் இடம் எவ்வளவு தூரம் என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

பினாங்கில் கப்பல்கள் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கின்றன. அது 2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுன் நகரின் விளிம்பிலேயே இருக்கிறது. வாயிலைக் கடந்ததும் விக்டோரியா நினைவு மணிக்கூண்டும் கார்ன்வாலிஸ் கோட்டையும் கண்ணில் படும். அங்கிருந்து கால் மணி நேரம் நிதானமாக நடந்தால் லிட்டில் இந்தியா வந்துவிடும். குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்த மகா மாரியம்மன் கோயிலும், சற்றுத் தள்ளி தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரோடு இணைந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இருக்கின்றன. வழி கேட்கத் தமிழ் போதும் என்று சொல்லக்கூடிய துறைமுகங்கள் உலகில் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று. இத்தகைய ஊரில் நாற்பது பேரோடு பேருந்தில் ஏறி, கொடி பிடித்தவரின் பின்னால் நடப்பதற்குப் பணம் கொடுப்பது வீண் செலவு என்பதே என் கருத்து. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கோ, 1923 முதல் மலைரயில் ஓடும் பினாங்கு மலைக்கோ செல்ல விரும்பினால், கிராப் செயலி வழியாக வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே பிற்பகலில் இரண்டையும் பார்க்க முயலாதீர்கள். தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். மலைரயிலிலோ விடுமுறை நாள்களில் வரிசை மிக நீளமாக இருக்கும்.

அட்டவணையில் உள்ள ஏழு மணி நேரத்தை அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்வதும் சரியல்ல. 2 மணி என்பது கப்பல் துறையை அடையும் நேரம். கயிறு கட்டி, அதிகாரிகளின் அனுமதி கிடைத்து, வரிசை நகர்ந்து நீங்கள் வெளியே வர 3 மணிகூட ஆகலாம். 9 மணிக்குப் புறப்படும் கப்பலில் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே அனைவரும் ஏறியிருக்க வேண்டும். வெளியூரில் போக்குவரத்து நெரிசலுக்கும் வழி தவறுவதற்கும் மேலும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, 7 மணிக்குத் துறையில் இருப்பது என்று திட்டமிட்டால், உங்கள் கையில் உண்மையாக இருப்பது நான்கு மணி நேரம். ஜார்ஜ் டவுனுக்கு அது தாராளம்.

புக்கெட்டின் நிலை வேறு. அங்கே பல கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரமிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்புகின்றன. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் பதிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் இறக்கப்படுகிறார்கள். மற்றவர்கள் எண்ணிட்ட சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாங் நா வளைகுடாவின் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளைப் பார்க்க ஆசைப்படுபவர், பத்தோங்கிலிருந்து தீவின் மறுகரை வரை சாலையில் சென்று அங்கிருந்து மீண்டும் படகு ஏற வேண்டும். அது முழுநாள் பயணம். சாலை, படகு, வானிலை ஆகிய மூன்றில் எது தாமதமானாலும் திரும்புவது தாமதமாகும். அந்தச் சுற்றுலாவைக் கப்பல் நிறுவனத்திடமே வாங்குங்கள். கூடுதல் கட்டணத்துக்குக் கிடைப்பது, தாமதமானால் கப்பல் காத்திருக்கும் அல்லது நிறுவனம் தன் செலவில் உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்க்கும் என்ற உறுதிமொழி. மாறாக, பத்தோங் கடற்கரையில் நடந்து, ஒரு கார் பிடித்துப் பழைய புக்கெட் நகரையும் வாட் சலோங் விகாரையையும் பார்ப்பதுதான் எண்ணமென்றால் முன்பதிவே தேவையில்லை. வெளியாரிடம் மிக மலிவான நகரச் சுற்றுலா வாங்கினால், ரத்தினக் கற்கள் விற்கும் கடையிலும் முந்திரிக் கடையிலும் வண்டி நெடுநேரம் நிற்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த மலிவு விலைக்குக் காரணம் பெரும்பாலும் அதுவே.

கேள்வி: தாமாகச் சுற்றப் போனவர் நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் உண்மையிலேயே விட்டுவிட்டுச் சென்றுவிடுமா? பாஸ்போர்ட் கேபினில் இருந்தால் என்ன செய்வது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சென்றுவிடும். துறையில் நிற்கும் நேரம், கப்பலை வெளியே வழிநடத்தும் பைலட், இழுவைப் படகுகள் எல்லாம் குறித்த நேரத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டவை. ஒருவருக்காக ஆயிரக்கணக்கானோரின் அடுத்த நாள் திட்டத்தைக் கப்டன் குலைக்க மாட்டார். இறங்கும்போதும் ஏறும்போதும் உங்கள் கப்பல் அட்டையைப் பதிவு செய்வதால், யார் திரும்பவில்லை என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கேபின் பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் ஒப்படைத்துச் செல்லும் வழக்கம் பல நிறுவனங்களிடம் உண்டு என்றாலும், அதன் பிறகு ஆகும் விமானக் கட்டணம், தங்குமிடச் செலவு, அடுத்த நாட்டுக்கான விசா எல்லாம் உங்கள் பொறுப்பு. துறைமுக முகவரின் தொலைபேசி எண், தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் அல்லது கப்பலின் செயலியில் இருக்கும். இறங்குவதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமா, கப்பலில் ஒப்படைக்க வேண்டுமா என்பது பயணத்துக்குப் பயணம் மாறும். எப்படியாயினும் ஒரு நகல் பையில் இருக்கட்டும்.

நேரத்தைத் தவறவிடுபவர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் அல்லர். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. தாய்லாந்து அவற்றைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் கைப்பேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்தையே தொடரக்கூடும். கைப்பேசியில் 4 மணி என்று பார்த்து நிம்மதியாகத் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும்போது கப்பலில் 5 மணி ஆகியிருக்கும். ஆகவே கப்பலின் நேரம் எது என்பதை இறங்கும் வாயிலிலேயே கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் அதை வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் கப்பல் 'கோலாலம்பூர்' செல்கிறது என்று விளம்பரத்தில் இருக்கிறது. எட்டு மணி நேரம் நிற்கும். பத்துமலை முருகனைத் தரிசித்து, இரட்டைக் கோபுரத்தையும் பார்த்துத் திரும்ப முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கோலாலம்பூருக்குக் கடல் இல்லை. உங்கள் கப்பல் நிற்கப்போவது கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து நகருக்குச் சாலையில் ஒரு மணி நேரம் ஆகும், நெரிசலில் ஒன்றரை மணி நேரத்தையும் தாண்டும். பத்துமலை நகரின் வடக்கே இருப்பதால் இன்னும் கொஞ்சம் தூரம். பெருநகரத்தின் பெயரைச் சொல்லித் தொலைவிலுள்ள துறைமுகத்தில் நிறுத்துவது இந்தத் தொழிலில் எங்கும் உள்ள பழக்கம். பாங்காக் என்றால் லாம் சபாங்கிலும், ரோம் என்றால் எண்பது கிலோமீட்டர் அப்பாலுள்ள சிவிட்டவெக்கியாவிலும் இறக்குவார்கள். எனவே டிக்கெட் எடுக்கும் முன்பே துறைமுகத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எட்டு மணி நேரத்தில் இறங்கவும் ஏறவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் ஐந்தரை அல்லது ஆறு மணி நேரம் மிஞ்சும். அதில் மூன்று மணி நேரம் சாலைக்குப் போகும். பத்துமலையை மட்டும் நிதானமாகத் தரிசிக்கலாம். 272 படிகள், படியடியில் 2006-இல் நிறுவப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, மேலே குகைக்கோயில் என்று ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். இரட்டைக் கோபுரத்தை வெளியே நின்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் ஒதுக்கலாம். மேலே ஏறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கப்பலின் சுற்றுலாவில் இரண்டும் சேர்ந்து இருந்தால், பத்துமலையில் எத்தனை நிமிடம் நிற்பார்கள் என்று கேளுங்கள். நாற்பத்தைந்து நிமிடம் என்றால் படியேறி இறங்குவதற்கே சரியாகப் போகும், தரிசனத்துக்கு நேரமிராது. நீங்கள் நால்வராக இருந்தால், திரும்பும் நேரத்தை எழுத்தில் உறுதிசெய்யும் உள்ளூர் வாகன ஏற்பாட்டாளர் ஒருவரை இரு வழிக்கும் அமர்த்திக்கொள்வது செலவிலும் நேரத்திலும் மேல். போகும்போது ஒரு வண்டி, திரும்பும்போது கிடைக்கிற வண்டி என்று மட்டும் இருக்காதீர்கள். வேலை நாளின் மாலையில் கிள்ளான் நோக்கிய சாலை பொறுமையைச் சோதிக்கும்.

கேள்வி: என் தாயாருக்கு முழங்கால் வலி. சுற்றுலாப் பட்டியலில் 'எளிது' என்று போட்டிருந்தால் நம்பலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்தக் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை படிகள், எவ்வளவு தூரம் நடை, வண்டி வாயில் வரை செல்லுமா, கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவார்கள் என்று கப்பலிலுள்ள கரைச் சுற்றுலா மேசையில் நேரடியாகக் கேளுங்கள். வண்டியில் அமர்ந்தபடியே ஊரைப் பார்க்கும் சுற்றுலாக்களும் உண்டு. அவை இளைஞர்களுக்குச் சலிப்பூட்டினாலும் அம்மாவுக்குப் பொருத்தமாக இருக்கலாம். இதைவிட முக்கியமானது டெண்டர் படகு. அலையில் படகு ஏறி இறங்கும்போது ஒரு அடி இடைவெளியைத் தாண்டிக் கால் வைக்க வேண்டியிருக்கும். சக்கர நாற்காலியோடு இறங்கப் பல கப்பல்கள் அனுமதிப்பதில்லை. மே முதல் அக்டோபர் வரையிலான பருவமழைக் காலத்தில் பத்தோங் கடலில் அலை அதிகம். அம்மாவை அழைத்துச் செல்வதாக இருந்தால், எல்லாத் துறைமுகங்களிலும் கரையை ஒட்டி நிற்கும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: முன்கூட்டியே பணம் கட்டிவிட்ட பிறகு, வானிலை காரணமாகக் கப்பல் அந்த ஊருக்கே போகாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: கப்பல் நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் முழுத் தொகையும், பெரும்பாலும் உங்கள் கப்பல் கணக்கிலேயே, திரும்ப வரவு வைக்கப்படும். வெளியாரிடம் வாங்கியிருந்தால் அவர்களுடைய நிபந்தனையைப் பொறுத்தது. 'கப்பல் வராவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்' என்ற வரி இல்லாதவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமை கப்டனுக்குப் பயண ஒப்பந்தத்திலேயே உண்டு என்பதால், அதற்காக நிறுவனத்திடம் பெரிய இழப்பீட்டை எதிர்பார்க்க இயலாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கப்பலின் சுற்றுலாக்களில் பெரும்பாலானவற்றை, துறைமுகத்தை அடைவதற்கு ஓரிரு நாள்கள் முன்புவரை கட்டணமின்றி ரத்து செய்ய முடியும். கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே இருக்கைகள் குறைவான சுற்றுலாவை வீட்டிலிருந்தே பதிவு செய்து வைப்பதில் நட்டமில்லை. கப்பலில் ஏறிய பிறகு வாங்கினால் விலை கூடியிருப்பதும், இடம் தீர்ந்துபோயிருப்பதும் சாதாரணம்.

கேள்வி: கரையில் இறங்க ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விசா வேண்டுமா? சைவ உணவு கிடைக்குமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மலேசியா, தாய்லாந்து விதிகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருப்பதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பும் புறப்படும் வாரத்திலும் அந்தந்த அரசுத் தளங்களில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், விசா இல்லாவிட்டாலும் மின்னணு வருகைப் படிவம் தேவைப்படலாம். நீங்கள் கரையில் இறங்கப் போவதில்லை என்றாலும், உரிய ஆவணம் இல்லாதவரைச் சிங்கப்பூரிலேயே கப்பலில் ஏற்ற மறுக்கலாம். பலர் மறந்துவிடும் மற்றொன்று, பயணம் முடிந்து சிங்கப்பூரில் இறங்குவது புதிய நுழைவாகவே கருதப்படும் என்பது. எனவே உங்கள் சிங்கப்பூர் விசா, ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, பினாங்கில் லிட்டில் இந்தியாவிலேயே வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். புக்கெட்டில் சைவம் என்று சொன்னாலும் மீன் சாறு சேர்ப்பதுண்டு. வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள். மதிய உணவு அடங்கிய முழுநாள் சுற்றுலா என்றால் பதிவு செய்யும்போதே சைவம் என்று குறிப்பிட்டு, முந்தைய நாள் மாலை சுற்றுலா மேசையில் மறுபடியும் நினைவூட்டுவது நல்லது. கப்பலின் உணவகத்திலிருந்து பழமோ சமைத்த உணவோ எடுத்து இறங்குவதைப் பல துறைமுகங்கள் தடை செய்கின்றன. கடையில் வாங்கிய, உறை பிரிக்காத பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.