ஜி6பிடி குறைபாடா? மொச்சையை விடுங்கள், அந்துருண்டையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் 7 மாத மகனுக்குப் பிறந்த மூன்றாம் நாளே மஞ்சள் காமாலை கூடி, நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். ஜி6பிடி என்சைம் குறைவு என்று சோதனையில் வந்தது. மொச்சை, அவரை எதையும் வாழ்நாள் முழுக்கத் தொடக்கூடாது என்கிறார்களே, உண்மையா? காய்ச்சல் மருந்து கொடுக்கலாமா? 4 வயது மகளுக்கும் சோதிக்க வேண்டுமா?

பதில்: முதலில் மொச்சை. மத்தியதரைக் கடல் நாடுகளில் அதிகம் சாப்பிடும் ஃபாவா பீன்ஸ்தான் ஆபத்தானது. அதிலுள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்கள்தான் காரணம். மொழிபெயர்ப்பில் அது மொச்சையாகவும் அவரையாகவும் மாறி, நம் வீட்டுச் சாம்பாரைப் பயமுறுத்துகிறது. நம் அவரையும் மொச்சையும் வேறு செடி. ஃபாவாவை மட்டும் தவிர்த்தால் போதும்.

சிவப்பணு 120 நாள் வாழும். அதற்கு உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது; அதனால் புது என்சைமைச் செய்துகொள்ளவோ, வேறு வழி தேடவோ முடியாது. ஆக்சிஜனைச் சுமப்பதால் ஆக்சிஜனேற்றத் தாக்குதல் ஓயாமல் நடக்கும். அதைச் சமாளிக்கும் குளுட்டத்தயோனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க உதவுவது ஜி6பிடி. அது குறைந்த அணுவில், சில மருந்துகளோ தொற்றோ வந்தால் ஹீமோகுளோபின் கெட்டு, கட்டியாகிச் சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். சவ்வு விறைத்துப்போகும். மண்ணீரலின் குறுகலான இடுக்குகளில் வளைந்து நுழைய முடியாது. மண்ணீரல் அந்தக் கட்டியைப் பிய்த்தெடுக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். அப்படி நிறைய அணுக்கள் உடைந்தால்தான் சோகையும் காமாலையும்.

நான் அதிகம் எச்சரிப்பது அந்துருண்டையைப் பற்றி. பாட்டியின் பெட்டியிலிருந்து ஆசையாக எடுத்துக் குழந்தைக்குப் போர்த்தும் கம்பளி, அந்துருண்டையிலுள்ள நாப்தலின் வாசனையோடு வரும். அந்த நாப்தலினும் இந்த அணுக்களை உடைக்கும். துவைத்து, வெயிலில் காயவைத்து, வாசனை போன பிறகே போர்த்துங்கள். உருண்டையை வீட்டிலேயே வைக்காதீர்கள். சிறு குழந்தைக்கு மருதாணியும் வேண்டாம்.

மருந்துகளில் மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின், டாப்சோன், நைட்ரோஃபுரான்டாயின், ராஸ்பூரிகேஸ், மெத்திலின் புளூ ஆகியவை முக்கியமாகத் தவிர்க்கவேண்டியவை. 1956-இல் இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டதே பிரைமாகுவினால்தான். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் தரலாம். தடுப்பூசிகளை வழக்கம்போலப் போடுங்கள். காய்ச்சலை உண்டாக்கும் தொற்றே அணுக்களை உடைக்கக்கூடும் என்பதால், காய்ச்சல் வந்த நாள்களில் சிறுநீரைக் கவனியுங்கள். கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, குழந்தை வெளுத்துச் சோர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் மகள். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அம்மாவிடமிருந்தே வரும். மகளுக்கும் வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. வந்திருந்தால் என்சைம் சரியாக உள்ளவை, குறைந்தவை என இரண்டு வகைச் சிவப்பணுக்களும் கலந்தே ஓடும் என்பதால் பெரும்பாலும் தொல்லை குறைவு. சோதனை முடிவும் சில சமயம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். அவசரமில்லை, அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது சேர்த்துச் சோதியுங்கள். உங்கள் மனைவிக்கு அண்ணன் தம்பி இருந்தால், அந்தத் தாய்மாமன்களும் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.