ஜீப்ரா மீனின் முட்டையை வரைந்த பெண்ணை மூன்றாம் முறையும் நீட் எழுத அனுப்பாதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

மகள் இரண்டு முறை நீட் எழுதியும் கலந்தாய்வில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை என்றும், மூன்றாம் முறையும் எழுதியே தீர வேண்டும் என்று அவளுடைய பெரியப்பா சொல்கிறார் என்றும், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிடலாம் என்று உங்கள் தம்பி சொல்கிறார் என்றும், துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் உங்கள் கணவர் வாயே திறப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணின் வாழ்க்கை இரண்டு தேர்வு முடிவுகளால் கெட்டுப்போய்விடாது. ஆறுதலாக நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். இனி எழுதுவது உங்கள் உறவினர்களுக்குப் பிடிக்காது.

பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் மட்டுமே இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்கள் இந்தியாவில் மருத்துவம் பார்க்க எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதில் தேறுவோரைவிடத் தேறாதவர்களே பல ஆண்டுகளாக அதிகம். ஒரு டிரெய்லர் ஓட்டுநரின் சம்பளத்தில், அரை கிரவுண்டு மனையைத் தவிர வேறு சொத்தில்லாத குடும்பம் எடுக்கக்கூடிய துணிச்சல் இல்லை இது. மூன்றாம் முறை நீட் என்பது கேட்பதற்குச் செலவு குறைந்ததாகத் தோன்றும். ஆனால் அது பிள்ளையின் இன்னுமோர் ஆண்டை எடுத்துக்கொள்ளும், அவள் மனத்தில் மிச்சமிருக்கும் தெம்பையும் எடுத்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் மீறியும் ஒரு பிள்ளை மருத்துவராகத் துடித்தால் நானே இன்னொரு முயற்சிக்குத் துணை நிற்பேன். உங்கள் மகளிடம் தனியாக நெடுநேரம் பேசினேன். மருத்துவராக வேண்டும் என்று அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

அவள் சொன்னது வேறு. கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கிய ஜீப்ரா டேனியோ மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் அவை இடும் முட்டைகளைத் தொட்டியின் அடியிலிருந்து சொட்டுக்குழாயால் உறிஞ்சியெடுத்து, தான் படித்த மாநகராட்சிப் பள்ளியின் விலங்கியல் ஆசிரியையிடம் அனுமதி பெற்று, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த நோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பென்சிலால் நேரம் குறித்திருக்கிறாள். முதல் பக்கங்களில் இரண்டு செல், நான்கு செல், எட்டு செல். மறுநாள் காலைப் படத்தில் வாலும் கண்ணின் வட்டமும் தெரிகின்றன. “எல்லாச் செல்லும் ஒரே முட்டையிலிருந்து வந்ததுதானே சார், கண்ணாக வேண்டியது தான்தான் என்று அந்தச் செல்லுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?” என்று கேட்டாள். உயிரியலில் ஒரு பெரிய துறையே அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. அதன் பெயர் வளர்ச்சி உயிரியல். அவள் தொட்டியில் நீந்தும் மீன் நம் துணைக்கண்டத்து நீர்நிலைகளைச் சேர்ந்தது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர் என்ற அறிவியலாளர் அதை ஆய்வக விலங்காக்கிக் காட்டிய பிறகு, உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதை வளர்க்கின்றன. முட்டையும் கருவும் கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே நடப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம் என்பதே காரணம்.

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, பொறியியல் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆளுண்டு; அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒரு வழியைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்: கருவில் இருக்கும் புரதங்களை ஒளிரும் ஆன்டிபாடிகளால் தேடிக் காட்டும் ஆய்வு வேலை. அதை உங்கள் மகளோடு சேர்ந்து படியுங்கள்.

கண் எங்கே உருவாக வேண்டும் என்பதில் பாக்ஸ்6 என்ற புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மனிதருக்கு இதன் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று கெட்டாலே கருவிழிப் படலம் (ஐரிஸ்) சரியாக வளராமல் போகலாம். 1995-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங்கின் குழு, பழ ஈயில் இதற்கு இணையான மரபணுவை இறக்கை, கால் போன்ற இடங்களில் இயங்க வைத்தபோது அங்கெல்லாம் கண்கள் முளைத்தன. எலியின் மரபணுவை வைத்துச் செய்தபோதும் ஈயின் கண்ணே முளைத்தது. இத்தகைய புரதம் கருவின் எந்தச் செல்லில், எந்த மணிநேரத்தில் தோன்றுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் மேலே பேச முடியும். ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. துறைமுக யார்டில் அடுக்கிக் கிடக்கும் கண்டெய்னர்களுக்கு நடுவே ஒரே ஒரு எண்ணுள்ள கண்டெய்னரைத் தேடிப் பிடிப்பது எப்படியிருக்கும் என்று உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே வேலை அதுதான்.

அந்தத் தேடலைச் செய்வது ஆன்டிபாடி. பிளஸ் டூ விலங்கியலில் அவள் படித்த அதே ஒய் வடிவ எதிர்ப்பொருள். ஒவ்வொரு வகையும் தனக்குரிய பொருளைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு விலங்கின் உடலில் ஊறும் எதிர்ப்பொருள்கள் பலவகைச் செல்களிலிருந்து வரும் கலவை. விலங்கு மாறினால் கலவையும் மாறும். 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை மட்டும் பெற வழி கண்டார்கள். எதிர்ப்பொருளைச் சுரக்கும் எலியின் பி செல் ஆய்வகத்தில் சில நாள்களுக்கு மேல் தாங்காது. மையலோமா என்ற புற்றுச்செல்லோ பெருகிக்கொண்டே இருக்கும். இரண்டையும் இணைத்தால், ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் ஹைபிரிடோமா கிடைக்கிறது. இணையாத செல்களை மடியச் செய்யும் ஊடகத்தில் வளர்த்து, பிறகு தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டில் குழிக்கு ஒரு செல் விழும் அளவுக்கு நீர்த்துப் பிரித்தால், ஒவ்வொரு குழியிலும் ஒரே தாய்ச்செல்லின் வாரிசுகள் வளரும். அவை தருவதே மோனோகுளோனல் ஆன்டிபாடி. இருவருக்கும் நீல்ஸ் ஜெர்னேயுடன் சேர்த்து 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயமூலக்கூறு ஒன்றைப் பிணைத்துவிட்டால், அது போய் ஒட்டிய இடம் நுண்ணோக்கியில் ஒளிரும். அலெக்சா ஃப்ளூர் 488 என்ற சாயம் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருகிறது. அதே வரிசையில் 647 என்ற சாயம் ஆழ்ந்த சிவப்பில் ஒளிர்கிறது. டேப்பி என்ற சாயம் எல்லாச் செல்களின் உட்கருவையும் நீலமாகக் காட்டுகிறது. மூன்றையும் ஒரே கருவில் சேர்த்துப் பார்க்கலாம். கோழிக் கருவின் தண்டுவடக் குறுக்குவெட்டில் பாக்ஸ்6, பாக்ஸ்7, என்கேஎக்ஸ்2.2 ஆகிய புரதங்கள் மேலும் கீழுமாக வண்ணப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும் படத்தை நூலகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகும் ஆர்வம் வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவள் மறந்துவிடலாம்.

இனி அன்றாட வேலை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். கருவை ஃபார்மால்டிஹைடு கரைசலில் நிலைநிறுத்த வேண்டும். அதன் சவ்வுகளை டிரைட்டான் என்ற சோப்புப் பொருளால் ஊடுருவத்தக்கதாக்க வேண்டும். கண்ட இடத்தில் ஆன்டிபாடி ஒட்டாதபடி சீரத்திலோ ஆல்புமினிலோ ஊறவைக்க வேண்டும். பிறகு ஆன்டிபாடியைச் சேர்த்து நான்கு டிகிரி குளிரில் இரவெல்லாம் வைத்து, மறுநாள் மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். சாயம் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றி, அறை விளக்கை அணைத்துவிட்டு, மங்கிய வெளிச்சத்தில்தான் வேலை நடக்கும். ஃபைகோஎரித்ரின் என்ற ஒளிரும் புரதத்தைப் பிணைத்த ஆன்டிபாடிக் குப்பியை யாராவது கவனக்குறைவாக உறைநிலைப் பெட்டியில் வைத்தால் அது பாழ். இறக்குமதியாகும் குப்பி ஒன்றின் விலை நாற்பதாயிரம் ரூபாயைத் தொடுவதுண்டு. உள்ளே இருப்பதோ சில சொட்டுகள். படத்தின் ஓரத்தில் மறக்காமல் நேரம் குறிக்கிற பெண் இங்கே மதிக்கப்படுவாள்.

கைப்பக்குவத்தைவிடப் பெரியது சந்தேகப்படும் குணம். பச்சையாக ஒளிர்வதெல்லாம் பாக்ஸ்6 ஆகிவிடாது. அந்த மரபணு நீக்கப்பட்ட கருவிலும் அதே பச்சை தெரிந்தால் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது என்று பொருள். ஒரு சோதனையில் சரியாக வேலை செய்யும் ஆன்டிபாடி, ஃபார்மால்டிஹைடு பட்ட திசுவில் வேலை செய்யாமல் போவதுண்டு. கோழிக்குப் பொருந்துவது மீனுக்குப் பொருந்தாமல் போவதுண்டு. ஒப்பீட்டு மாதிரிகளை வைத்து இதையெல்லாம் சரிபார்த்து, “இந்தப் படத்தை நம்பலாம்” என்று சொல்லத் தெரிந்தவர்கள் எல்லா ஆய்வுக்கூடத்துக்கும் தேவை. வளர்ச்சிப் புரதங்களுக்கான மோனோகுளோனல் ஆன்டிபாடிகளையும் அவற்றைச் சுரக்கும் ஹைபிரிடோமாக்களையும் பாதுகாத்து ஆய்வாளர்களுக்குக் குறைந்த விலையில் தருவதற்கென்றே அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனம் 1986-இல் ஒரு வங்கியை ஏற்படுத்தியது. அது இன்றும் அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. இதே கைவேலை மருத்துவத்துக்கும் பயன்படுகிறது: எச்.ஐ.வி. நோயாளியின் ரத்தத்தில் சிடி4 என்ற நோயெதிர்ப்புச் செல்களை எண்ணுவதும், ரத்தப் புற்றுநோயின் வகையைப் பிரித்தறிவதும் ஒளிரும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகளை வைத்துத்தான்.

வழிக்கு வருகிறேன். பாரதி மகளிர் கல்லூரி, ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி ஆகிய அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பியுங்கள். விலங்கியல் முதல் விருப்பம், வேதியியல் அடுத்தது. அரசுக் கல்லூரியில் ஆண்டுச் செலவு சில ஆயிரங்களுக்குள் முடியும். ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி அலுவலகத்தில் மனு கொடுங்கள். பயோடெக்னாலஜி என்ற பெயருக்காக லட்சங்களைக் கொட்டித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சேர்த்தே ஆக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், அங்கே செல் வளர்ப்பு அறை இருக்கிறதா, இளநிலை மாணவர்களை அதற்குள் விடுகிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். மோனோகுளோனல் தொழில்நுட்பச் சான்றிதழ் என்று வாரக்கணக்கில் நடத்திப் பணம் வாங்கும் இடங்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலிருந்து, நாட்டின் மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கட்டும். கிடைத்தால் ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் உதவித்தொகையோடு இரண்டு மாதம் இருக்கலாம். படங்களை அளந்து பகுக்கும் ஃபிஜி என்ற மென்பொருள் இலவசம், என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களைக் கேட்பதற்கும் கட்டணமில்லை. புள்ளியியலையும் ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை படிக்கும் பழக்கத்தையும் இந்த மூன்றாண்டுகளில் கட்டாயம் வளர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஜாம் அல்லது கேட்-பி நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி. அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும், இரண்டாண்டுக்குப் பிறகு 42,000 ரூபாயும் தருகிறார்கள். அதாவது, முனைவர் பட்டத்துக்குக் குடும்பம் பணம் கட்ட வேண்டியதில்லை.

கடினமானவற்றையும் மறைக்கமாட்டேன். நல்கைப் பணம் சில மாதம் தாமதமாக வரும். ஆய்வில் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் கறுப்புப் படங்களாகவே வரும். முனைவர் பட்டம் வேண்டாம் என்றால் எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டு, நுண்ணோக்கி மையங்களிலும், ஒளிரும் செல்களைக் கருவியால் எண்ணிப் பகுக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கூடங்களிலும் மருந்து ஆய்வு நிறுவனங்களிலும் வேலை தேடலாம். தொடக்கச் சம்பளம் பெருமை பேசும்படி இருக்காது, பெரும்பாலான வாய்ப்புகள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும்தான் இருக்கின்றன. பெண்ணை வெளியூர் அனுப்ப வீட்டில் சம்மதமா என்பதை அந்த நேரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். ஹைபிரிடோமா வேலையில் எலிகளைக் கையாள வேண்டிவரும். அதற்கு மனம் ஒப்புமா என்று அவளையே கேளுங்கள். ஒப்பவில்லை என்றாலும் தடையில்லை. ஆன்டிபாடியை உருவாக்குவது வேறு, பயன்படுத்துவது வேறு, இப்போது மரபணு வரிசையிலிருந்தே செல்வளர்ப்பில் ஆன்டிபாடி தயாரிக்கும் முறையும் வந்துவிட்டது.

பெரியப்பாவின் கவலை ஊர் என்ன சொல்லும் என்பது. அவருக்கு நீங்களோ மகளோ பதில் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும். இந்த விஷயத்தில் அவர் வாய் திறந்தே ஆக வேண்டும். இளநிலை இரண்டாம் ஆண்டின் முடிவில் மகளுக்கு இந்தத் துறை சலித்துப்போனால், விலங்கியல் பட்டத்தோடு பி.எட். படிக்கலாம், டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதலாம், அடகில் எதுவும் இல்லாததால் அந்த முடிவை அவள் பயமில்லாமல் எடுக்க முடியும். விண்ணப்பத்தைக் கடைசி நாள் வரை வைத்திருக்காமல் இந்த வாரமே இணையத்தில் பதிவு செய்யுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைத்துவிட்டு, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தை முதல் விருப்பமாகக் குறிப்பது என்பதை மட்டும் அவள் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள்.